யாரும் கிழிக்காத சுவரொட்டி

அக்டோபர் 24, வெள்ளி

மொலொகியாக் குழம்பில் உப்பு இல்லையாம். இன்றைக்கும் அதே வழக்கு, அதே நீதிபதி.

"மருந்துக் கடையில மில்லிகிராம் கணக்கா அளக்கறே. வீட்டுச் சட்டியில உப்பு மட்டும் ஏன் தலந்தா குறி தப்புது?" என்றார் மூல்தி.

"நாட்டையே ஆளப்போறவருக்கு உப்புச் சாடி எட்டலையா?" என்றேன்.

நல்லவேளை, சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் சோறு இப்படித்தான் உள்ளே இறங்குகிறது. சண்டை இல்லாத நாளில் எனக்குச் செரிப்பதே இல்லை.

நாளை பிரசாரம் தொடக்கம். ஜனாதிபதி பதவிக்கு ஒன்பது பேர் நிற்கிறார்கள். பள்ளிக்கூடச் சுவர்களில் கட்டம் போட்டு எண் எழுதியாகிவிட்டது. ஆளுக்கொரு கட்டம், அதற்குள்தான் படம் ஒட்ட வேண்டும். எங்களுடையது ஏழு. கஸ்ரீன் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீருக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட வழக்குகளை விசாரித்தே தலை நரைத்த மனுஷர் இவர். அந்த ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும், அதற்குத்தான் இந்தப் பதவி என்கிறார். வேறு யாராவது சொன்னால் கேலி செய்திருப்பேன். இவர் சொன்னால் செய்துவிடுவார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று, வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும், எனக்கும் ஆசை இருக்கிறது.

வீட்டின் கீழ்த்தளம் இப்போது பிரசார அலுவலகம். அதற்குத் தலைவன் இஸ்கந்தர். லா மார்ஸாவில் கடலைப் பார்த்த வீடு, பாரிஸில் படிப்பு. வாயைத் திறந்தால் சதவீதம்தான் வருகிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

எதிராளிகள் ஆரம்பித்துவிட்டார்கள். மூல்தி தொழாதவராம், குடிப்பவராம், பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பாராம்.

இஸ்கந்தர் மேசையைத் தட்டினான். "மேடை வேண்டாம், மேளம் வேண்டாம், பாட்டு வேண்டாம். ஏழைங்க இருக்கற தெருவுக்கே போறோம். கூடாரம் போடறோம், குர்ஆன் ஓத ஆள் வெக்கறோம், தெருவுக்கே சோறு போடறோம். அப்புறம் யாரு நாக்கு நீளுதுன்னு பாத்துடலாம்."

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கூடாரமும் நாற்காலியும் இஸ்கந்தர். ஓதுகிறவரை ஏற்பாடு செய்வது மூல்தியின் அண்ணன் ஹம்மாதி. ஆட்டுக்கறி குஸ்குஸ் என் பொறுப்பு. மூல்தியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவதாக அச்சகத்தார் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை, ஏழைகள் நெருக்கியடித்து வாழும் மெல்லாசினில் முதல் விருந்து. நல்ல யோசனை என்றுதான் எனக்கும் படுகிறது.

அக்டோபர் 31, வெள்ளி

கை இன்னும் சில்லென்று இருக்கிறது.

மெல்லாசினுக்கு நான் முன்னதாகவே போய்விட்டேன். மூல்திக்குத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒளிப்பதிவு. முடித்துவிட்டு நேரே வருவதாக ஏற்பாடு. வரவில்லை. அங்கே ஏதோ கருவி பழுதாம். ஓதுகிறவர் காத்திருக்கவில்லை, ஆரம்பித்துவிட்டார். குஸ்குஸ் ஆறுகிறதே என்று நானும் பரிமாறச் சொல்லிவிட்டேன். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலிகளில் அமர்ந்தார்கள். வேட்பாளர் இல்லாததால் ஹம்மாதி அண்ணன் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்தார்.

நான் பக்கத்து வீட்டில் பெண்களோடு இருந்தேன். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி என் கழுத்திலிருந்த சிவப்புத் துணியை மெதுவாக அவிழ்த்து, மடித்து, என் மடியில் வைத்தாள். இன்னொருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்பு என்று நினைத்தேன். அன்புதான்.

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். யாரும் பேசவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும். சட்டம் போட்ட படம், அதன் கீழே யாரோ கொண்டுவந்து வைத்த பூக்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்து, ஹம்மாதி அண்ணனின் கையை இரண்டு கையாலும் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினேன்.

"என்ன சொல்றாங்க அண்ணே?"

"போனவரோட பரக்கத் உங்ககிட்ட தங்கட்டும்னு சொல்றாங்க, தலந்தா. துக்க வீட்டுல சொல்றதையேதான் எல்லாரும் சொல்றாங்க."

அப்போதுதான் மொத்தமாகப் பார்த்தேன். ஒருவர் இறந்த மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நம் தெருக்களில் வேறு என்ன செய்கிறோம்? கூடாரம், வரிசையாக நாற்காலி, ஓதுகிறவர், ஆட்டுக்கறி குஸ்குஸ், வாசலில் கூடப்பிறந்தவன். கல்யாணத்துக்கும் இதே நாற்காலிதான், ஆனால் மேளம் இருக்கும். மேளத்தைத்தான் நாமே வேண்டாமென்று தள்ளிவிட்டோமே! வேலையை ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் போனோம், சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை. என் கையாலேயே அவருக்கு மூன்றாம் நாள் சோறு சமைத்துப் போட்டிருக்கிறேன்.

மூல்தி வந்தபோது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை வாடகைக்குக் கொடுத்தவர் அவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்துவிட்டு வழிவிட்டு நின்றார்.

நவம்பர் 1, சனி

எதிர்வீட்டு நஸீஹா ஒரு பானை சூப்போடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னாலிருந்து மூல்தி "யாரு தலந்தா?" என்றதும் பானையை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

நவம்பர் 3, திங்கள்

பார்தோவில் என் மருந்துக் கடைக்கு வழக்கமாக வரும் கிழவி, ரத்த அழுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "புருஷன் போயி வீட்டுல இத்தா இருக்க வேண்டியவ கடையில உக்காந்திருக்கியே மகளே, ஊரு என்ன சொல்லும்?" என்றாள்.

"என் புருஷன் உயிரோட இருக்கார்மா. காலையில என்னோட காபி குடிச்சார்."

"ஆமா ஆமா. அப்படித்தான் இருக்கும். எனக்கும் அவர் போனப்புறம் ரொம்ப நாள் ரெண்டு கோப்பைதான்." என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

மூல்தியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "விடு, செத்தவன்னு சொன்னா குடிகாரன்னு சொல்லமாட்டாங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே மறுத்து ஓர் அறிக்கை விடச் சொன்னேன். இஸ்கந்தர் கேட்டால்தானே? "மறுத்தா வதந்திக்குக் கால் முளைக்கும், மேடம். இதைப் பாருங்க. எங்க பசங்க ஊர் ஊரா விசாரிச்சாங்க. அவரைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை இல்ல. ஒண்ணு கூட! 'நல்ல மனுஷன்', 'நேர்மையான மனுஷன்'. இந்த நாட்டுல எந்த வேட்பாளருக்கு இது கிடைச்சிருக்கு?"

"நல்ல மனுஷனா இருக்கார்னு சொன்னாங்களா, இருந்தார்னு சொன்னாங்களா?"

காகிதத்தைப் புரட்டினான்.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பி வரும்போது பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தேன். ஒன்றாம் கட்டத்துக்காரருக்கு மீசை வரைந்திருக்கிறார்கள். நான்காமவரின் வாயைக் காணோம். ஆறு, எட்டு, ஒன்பது எல்லாம் கந்தல். ஏழு மட்டும் ஒட்டிய அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது. இஸ்கந்தர் அதைப் படமெடுத்து அலுவலகத்தில் மாட்டியிருக்கிறான். மரியாதையாம். மரியாதைதான். யாருடைய படத்தை நம் ஊரில் யாரும் கிழிக்கமாட்டார்கள் என்று அவனுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லையா?

நவம்பர் 5, புதன்

அன்றைக்கு ஒளிப்பதிவு செய்தது இன்று தொலைக்காட்சியில் வந்தது. எளிமையாகத் தெரிய வேண்டுமென்று இஸ்கந்தர் வெள்ளை ஜுப்பாவை மாட்டிவிட்டிருந்தான். முகத்தில் மாவு வேறு. நேரலையில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லவிடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். வாய் குழறினால் ஆபத்து, ஒளிப்பதிவுதான் பத்திரம் என்றுவிட்டான்.

ஹம்மாதி அண்ணன் மூலைக் காபிக் கடையில் உட்கார்ந்து பார்த்தாராம். மூல்தி திரையில் வந்ததும் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்களாம். சிகரெட்டை அணைத்தார்களாம். தண்ணீர்க் குழாயைப் பற்றி அவர் பேசி முடித்ததும் கடைக்காரர் சொன்னாராம்: "பாவம், போறதுக்கு முன்னாடி எடுத்தது போலிருக்கு. என்ன அழகா பேசியிருக்கார்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நவம்பர் 8, சனி

சரி, ஆளையே கொண்டுபோய்க் காட்டிவிடுவோம் என்று கஸ்ரீன் சந்தைக்குப் போனோம். அவர் பிறந்த மண். அங்கே அவரைத் தொட்டுப் பார்த்துச் சண்டை போட ஆயிரம் பேர் உண்டு. வழக்கில் தோற்றவர்களே பாதி ஊர்.

சந்தை இரைச்சலாகத்தான் இருந்தது. அவர் நுழைந்ததும் முன்னாலிருந்து ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. வழி விட்டார்கள். யாரும் பயப்படவில்லை, யாரும் ஓடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓடியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. மூல்தி எல்லோருக்கும் கை நீட்டினார். அவர்கள் அவர் விரல் நுனியை மட்டும் தொட்டு, தங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

மிளகாய் விற்கும் ஒருத்தி எழுந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மூல்தி ஐயா, தொந்தரவா நெனைக்காதீங்க. என் மவன் லத்தீஃப். ஓடையில வெள்ளம் வந்தப்ப போனான். அங்க அவனைப் பாத்தீங்கன்னா, அம்மா அந்த ஆட்டுக்குட்டியை விக்கலைன்னு சொல்லிடுங்க. அதையே நெனைச்சுக்கிட்டு இருப்பான்."

'அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்' என்று அவர் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். வாய் திறந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லத்தீஃப். ஆட்டுக்குட்டியை விக்கலை. சொல்றேம்மா."

அவள் அழவில்லை. பாரம் இறங்கியவளாக உட்கார்ந்து மிளகாயைக் குவிக்க ஆரம்பித்தாள். அதற்குள் அவள் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

காரில் வெடித்துவிட்டேன். "என்னங்க பண்ணிட்டு வந்திருக்கீங்க? சொல்றேன்னு சொன்னீங்களே, எங்க போய்ச் சொல்வீங்க?"

"வேற என்ன சொல்லியிருக்கணும்?"

"இல்லேன்னு சொல்லணும்! நான் சாகலைடின்னு கத்தணும்!"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே வந்தது. பெயர்களை மறந்துவிடாமல் சொல்லிப் பார்க்கிறார் என்று பார்தோ வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நவம்பர் 10, திங்கள்

கைரவானில் சந்தையைவிடப் பெரிய கூட்டம். இஸ்கந்தருக்குக் கால் தரையில் இல்லை. "பாத்தீங்களா மேடம்? எவனுக்காவது இப்படிக் கூடியிருக்கா?"

"என்ன கேக்கறாங்கன்னு காது குடுத்துக் கேட்டியா?"

வேட்பாளர் வந்தால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? மகனுக்கு வேலை கேட்பார்கள், ரோடு கேட்பார்கள், போன முறை ஏமாற்றியவனுக்கும் சேர்த்து இவரைத் திட்டுவார்கள். இவரிடம் ஒருவர்கூட வேலை கேட்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஒரு சலாம். பிரசவத்தில் போன தங்கச்சிக்கு ஒரு சேதி. கடலில் படகு கவிழ்ந்துபோன பையன் குளிரில் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூல்தி ஒவ்வொருவருக்கும் குனிந்து கேட்டார். நீதிமன்றத்தில்கூட இவ்வளவு பொறுமையாக யார் சொல்வதையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அவங்க ஓட்டுப் போட வரலை. வழியனுப்ப வர்றாங்க" என்றேன் இஸ்கந்தரிடம்.

"கூட்டம் கூட்டம்தான், மேடம்."

நவம்பர் 11, செவ்வாய்

வேண்டுமென்றே உப்பே போடாமல் சமைத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

நவம்பர் 14, வெள்ளி

கடைசிக் கூட்டம். நகரத்தின் நடு வீதி. மழைத் தூறல், ஒருவரும் குடை விரிக்கவில்லை. மூல்தி ஒலிபெருக்கியைப் பிடித்துத் தண்ணீரைப் பற்றித்தான் ஆரம்பித்தார். கஸ்ரீன், குழாய், கிணறு. நன்றாகவே பேசினார், எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நடுவில் முன்வரிசையில் ஒருவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார். பக்கத்திலிருந்தவர் ஏந்தினார். அப்படியே வீதி முழுக்க. ஃபாத்திஹா ஓதும் முணுமுணுப்பு மழைச் சத்தத்தோடு கலந்து மேலே வந்தது.

மூல்தி பேச்சை நிறுத்தினார். ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். தானும் கைகளை ஏந்தினார்.

யாருக்காக ஓதுகிறீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. என் கைகள்? கீழே வைத்திருந்தேன். இறுக்கி, கீழேயே வைத்திருந்தேன்.

நவம்பர் 15, சனி

இன்று பிரசாரம் செய்யச் சட்டப்படி தடை. நாடே வாயை மூடிக்கொண்டிருக்கும் நாள். எங்கள் வீடு ஒரு வாரமாகவே அப்படித்தான்.

மதியம் முற்றத்தில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"என்னைத் திட்டுங்க."

"எதுக்கு?"

"எதுக்காவது. உப்புக்கு. காபி ஆறிப்போனதுக்கு. எதுக்காவது திட்டுங்களேன், எனக்குப் பயமா இருக்குங்க."

என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். சூடாகத்தான் இருந்தது. நாடி பிடித்துப் பார்த்தேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பிடித்துப் பார்த்தேன். ஒழுங்காகத் துடித்தது.

"அவங்க கேக்கறது எவ்வளவு சின்னது தலந்தா. ஒரு சலாம். அவ்வளவுதான். நீதிபதியா இருந்த காலம் பூரா, வந்தவங்கள்ல பாதிப் பேரை அழ வெச்சு அனுப்பியிருக்கேன். தண்ணி தர்றேன்னு சொன்னா ஒருத்தனும் நம்பறதில்ல. சலாம் சொல்றேன்னா நம்பிட்டுப் போறாங்க."

"நாளைக்கு ஜெயிச்சா?"

யோசித்தார். ஜெயிப்பதைப் பற்றிப் புதிதாக யாரோ சொல்லிக் கேட்பவர் போல என்னைப் பார்த்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே அறை. எங்கள் தெரு முழுக்க அங்கேதான். வரிசையில் அவருக்கு முன்னால் ஓர் ஆள் இடம், பின்னால் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். அறைக்குள் அதிகாரி அவர் அடையாள அட்டையை வாங்கிப் பட்டியலில் விரலை ஓட்டினார். "இருக்கு," என்றார் பக்கத்திலிருந்தவரிடம், "பேரை இன்னும் எடுக்கலை." மூல்தி விரலை நீல மையில் தோய்த்துக்கொண்டு மறைப்புக்குள் போனார், வந்தார்.

பிறகு நான். வாக்குச்சீட்டில் ஒன்பது முகம் வரிசையாக. பேனாவை எடுத்தேன். ஏழாவதில் அவர், அதே படம். குறி போட வேண்டியதுதானே? எத்தனை நாள் நான் ஒருத்தி மட்டும் உயிரோட இருக்கார், உயிரோட இருக்கார் என்று கத்திக்கொண்டிருந்தேன்! அப்போது எனக்குள் ஏதோ ஒன்று, என் குரலிலேயே, கடையில் மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்கிற குரலில், 'இறந்தவருக்குப் போட்டா வீணாத்தானே போகும்' என்றது. கை நகர்ந்தது. வேறு ஒரு முகத்தின் பக்கத்தில் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் அவர் காத்திருந்தார். "ஆச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றேன். யா அல்லாஹ், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

நாடு முழுவதிலும் ஒன்றும் தேறவில்லை. இஸ்கந்தரின் தொலைபேசி அணைந்து கிடக்கிறது.

காலையில் ஹம்மாதி அண்ணன் வந்தார். அவருக்கு ஓட்டு கஸ்ரீனில். நேற்று எங்கள் சார்பாக எங்கள் அறையில் உட்கார்ந்து கடைசிவரை எண்ணிக்கையைப் பார்த்தவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"பூஜ்யம்! நம்ம அறையில, நம்ம தெருவுல, ஏழாம் நம்பருக்குப் பூஜ்யம்! ஊர்க்காரங்க போடலைன்னா தொலையட்டும். நீங்க ரெண்டு பேரும் போட்டது எங்கடா போச்சு? கண்ணு முன்னாடியே களவு! நான் இப்பவே போய்ப் புகார் குடுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

ஒரு ஓட்டாவது இருந்திருக்க வேண்டும். அவருடையது. இப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் சொல்லியாக வேண்டும் என்று நின்றேன். அவர் திரும்பவில்லை. காபிக் கோப்பையைச் சாசரில் மெல்ல வைத்தார்.

"வேண்டாம் அண்ணே," என்றார். "எண்ணிக்கை சரிதான்."

"எப்படிடா சரி? நீ போட்டது?"

மூல்தி விரலிலிருந்த நீல மையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஹம்மாதி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மறுபடி தம்பியைப் பார்த்தார். பிறகு வாசல்வரை போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, தம்பிக்குப் பக்கத்தில் உட்காராமல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.